ஓசூர் சாலையில் ஒரு பலகை

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். நீல நிறப் பெட்டியின் முகப்பில் ஒரு கொக்கியில் தொங்கும். அதில் இருப்பது ஐந்தாறு வரிதான்: பாகத்தின் எண், பெயர், பெட்டிக்கு எத்தனை, எந்த அடுக்கிலிருந்து வந்தது, எந்த லைனுக்குப் போக வேண்டும், மொத்த அட்டைகளில் இது எத்தனையாவது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகப் பர்கூர் சிப்காட் வரை நீளும் தொழிற்சாலை வரிசையில் இதைக் ‘கான்பன்’ என்கிறார்கள். ‘கான்பன் கார்டு’ என்று சேர்த்துச் சொல்பவர்களே அதிகம். பெட்டியிலிருந்து முதல் பாகத்தை எடுக்கும்போது அட்டையைக் கழற்றித் தனியே ஒரு டப்பாவில் போட வேண்டும். அது பாகத்தைச் செய்த இடத்துக்கே திரும்பிப் போகும். அது வந்து சேர்ந்தால்தான் அங்கே அடுத்த பெட்டியை நிரப்புவார்கள். வராவிட்டால் மெஷின் நிற்கலாம், ஆள் தரையைக் கூட்டலாம். கேட்காத பொருளைச் செய்து குவிப்பது மட்டும் கூடாது.

அட்டையில் மரம் இல்லை, பெயரில் இருக்கிறது. கண்ணுக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்ப்பதாக எழுதப்படும் எழுத்து ‘கான்’. ‘பன்’ என்றால் பலகை. அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு மரம் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் கடை வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. டோக்கியோ தெருவில் கான்பன் எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் கடை போர்டைத்தான் காட்டுவார்கள். அந்தக் கடை போர்டு கார் கம்பெனி அட்டையாகி, கடல் தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்து சேர ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆயிற்று. வழியின் பெரும்பகுதியை அது மரமாகவே கடந்தது.

பலகையில் பெயரெழுதிக் கடைமுன் தொங்கவிடும் வழக்கம் சீனத்தில் செழித்தது. 12ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜெதுவான் வரைந்த சிங்மிங் ஆற்றங்கரைச் சுருள் ஓவியத்தில் மருத்துவர் வீடு, மதுக்கடை, வாசனைப் பொருள் கடை என்று எழுத்துப் பலகைகளும் துணிக்கொடிகளும் நெரிசலாகத் தெரியும். அதே சோங் காலத்தில் ஜினான் நகரத்து லியு குடும்பத்தின் ஊசிக் கடை செப்புத் தகட்டில் ஒரு வெண்முயலைப் பொறித்து விளம்பரம் அச்சடித்தது: வாசலில் உள்ள வெண்முயலை அடையாளம் பார்த்து வாங்கவும். தகடு இன்று பெய்ஜிங்கில் சீன தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனர் கடைப்பலகையை ‘ஜாவ்பாய்’ என்பார்கள், அதாவது கையசைத்துக் கூப்பிடும் பலகை. நற்பெயர் எடுத்த கடை ‘பொன்னெழுத்துப் பலகை’. மோசமான சரக்கு விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டவன் ‘பலகையை உடைத்தவன்’.

ஜப்பானில் 8ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பே, சந்தையில் ஒவ்வொரு கடையும் என்ன விற்கிறது என்று எழுதி அடையாளம் நட வேண்டும் என்றது. அரசாங்க உத்தரவில் பிறந்த வழக்கம் எடோ காலத்தில் (1603–1868) கலையானது. தச்சர், செதுக்குபவர், அரக்குப் பூசுபவர், பொன் தகடு ஒட்டுபவர் எல்லாரும் கான்பன் வேலையில் பிழைத்தார்கள். சீப்புக் கடைக்கு ஆளுயரச் சீப்பு, காசு மாற்றுபவருக்குத் தராசுப் படிக்கல் வடிவம். பொன் பூச்சு எல்லை மீறிப் போய், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷோகுன் அரசு தலையிட்டு, வெறும் மரத்தில் மையால் எழுதினால் போதும் என்று தடை போட்டது.

எனக்குப் பிடித்தது அந்தப் பலகைகளின் குறும்பு. குளியல் விடுதி வாசலில் வில்லும் அம்பும் தொங்கும். ‘அம்பு எய்’ என்பதும் ‘வெந்நீரில் இறங்கு’ என்பதும் ஜப்பானிய மொழியில் ஏறக்குறைய ஒரே ஒலி. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கடையில் ‘பதின்மூன்று ரி’ என்று மட்டும் எழுதியிருக்கும். ரி என்பது பழைய தூர அளவு. கிழங்குக்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்? கஷ்கொட்டைக்கு ‘குரி’ என்று பெயர். அதையே ‘ஒன்பது ரி’ என்றும் கேட்கலாம். ‘-ஐவிட’ என்பதற்கான ‘யோரி’யை ‘நான்கு ரி’ என்று கேட்கலாம். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று: கஷ்கொட்டையைவிட ருசி. எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் சிரிப்பான், சிரித்தவன் வாங்குவான். நம் காளமேகப் புலவர் பார்த்திருந்தால் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

பலகை பேச்சிலும் ஏறியது. ‘பலகையில் பொய் இல்லை’ என்றால் சொன்ன தரம் சரக்கில் இருக்கிறது. வெளியே ஆடம்பரம், உள்ளே ஒன்றுமில்லை என்றால் ‘பலகை சாய்ந்தது’. தொழிலை மூடுவது ‘பலகையை இறக்குவது’. இரவு கடை அடைக்கும்போது பலகையை உள்ளே எடுத்து வைப்பதால், மதுக்கடைகளில் ‘கான்பன்’ என்றால் ‘நேரமாச்சு, கிளம்புங்க’ என்றும் பொருள். சீனத்திலும் ‘கதவுப் பலகையை ஏற்றுவது’ என்றால் கடை அடைப்பதுதான். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஷட்டர் வருமுன் நம் ஊர்க் கடைவீதிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் செதுக்கிய பலகைகளை வரிசை மாறாமல் காடியில் இறக்கித்தான் கடை அடைத்தார்கள். வரிசை தப்பினால் கடைசிப் பலகை உட்காராது.

மரம் அட்டையான கதை ஒரு தறியில் தொடங்குகிறது. பர்கூர்க்காரர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள். நெடுஞ்சாலையோர மொத்த ஜவுளிக் கடைகளால் குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய ஊர் அது. (மாட்டுக்குப் பேர்போன பர்கூர் வேறு, அது அந்தியூர் மலை மேலே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டே இருப்பார்கள்.) சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தாலும் தானே நின்றுவிடும். ஒரே பெண் தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். 1929இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் 1,00,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் செய்யப் போனார்.

அதே குடும்பத்தின் நூற்பாலையில் 1932இல் வேலைக்குச் சேர்ந்தவர் டைச்சி ஓனோ. பிறந்தது 1912இல், சீனத் துறைமுகமான தாலியனில். 1943இல் கார் ஆலைக்கு மாற்றப்பட்டார். போருக்குப் பிந்தைய டொயோட்டாவிடம் காசில்லை. 1950இல் திவாலாகும் நிலை வந்து, ஆட்குறைப்பும் நீண்ட வேலைநிறுத்தமும் நடந்து, கீச்சிரோ பதவி விலகினார். அமெரிக்கக் கம்பெனிகளைப் போல மலை மலையாகப் பாகங்களைச் செய்து அடுக்கிவைக்க இடமும் முதலும் கிடையாது. ஓனோவின் கவனம் அமெரிக்காவின் கார் ஆலைகளைவிட அங்கிருந்த சூப்பர் மார்க்கெட்டுகள் மேல் போனது. வாடிக்கையாளர் வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கிறார். எடுத்த இடம் மட்டும் திரும்ப நிரப்பப்படுகிறது. ஆலையிலும் பின்னால் வேலை செய்பவர் வாடிக்கையாளர், முன்னால் செய்பவர் கடை. 1953இல் தன் இயந்திரப் பிரிவில் இதை ஆரம்பித்தபோது ஓனோ இதைச் சூப்பர் மார்க்கெட் முறை என்றே சொன்னார். அமெரிக்கா போய் அந்தக் கடைகளை நேரில் பார்த்தது 1956இல்தான். கடை என்று வந்த பிறகு கடைக்குப் பலகை வேண்டாமா? பெட்டியில் மாட்டிய சீட்டு கான்பன் ஆயிற்று. டொயோட்டா முழுவதும் அது பரவ 1962 வரை ஆனது.

அட்டையின் நுட்பம், அது மேஸ்திரியின் வாயை மூடியதில் இருக்கிறது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்று யாரும் கத்த வேண்டியதில்லை. பலகையே தீர்ப்புச் சொல்லும் என்ற எண்ணம் மதுரைச் சங்கப்பலகைக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. தகுதி உள்ளவருக்கு மட்டும் இடம் விட்டு நீளும் பலகை அது. ஓனோவின் பலகைக்குத் தெய்வம் தேவைப்படவில்லை, கணக்கு போதும். பர்கூர்ப் பட்டறை ஒன்று ஓசூர் லைனுக்கு ஒரு சிறு தாங்கி அனுப்புகிறது என்று வையுங்கள். லைனுக்கு மணிக்கு 60 வேண்டும். பெட்டிக்கு 20 கொள்ளும். அட்டை கழன்றதிலிருந்து நிரம்பிய பெட்டி வந்து சேர 4 மணி நேரம். அந்த 4 மணியில் லைன் தின்பது 240. அவசரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட்டினால் 264. இருபதால் வகுத்தால் 13.2, ஆக 14 அட்டை. பதினைந்தாவது அட்டை இல்லாததால் பதினைந்தாவது பெட்டியும் இருக்க முடியாது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலோ ஓசூர் மேம்பாலத்தடியிலோ வழக்கமாகவே ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும் என்றால் கணக்கு 330 ஆகி அட்டை 17 ஆகும். சாலை நெரிசலின் விலையை மூன்று பெட்டி என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். எந்த ஆய்வறிக்கையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஓனோ சொன்ன பாடத்தின் இரண்டாம் பாதியைத்தான் பலர் படிப்பதில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். குறைக்கக் குறைக்க, எந்த மெஷின் அடிக்கடி நிற்கிறது, எந்த லாரி தாமதிக்கிறது, எந்தத் துளை சரியாக விழவில்லை என்பதெல்லாம் வெளியே வரும். கையிருப்பு குறைவது பலன். குறையைத் தேடிப் போய்ச் சரிசெய்வதுதான் வேலை.

அட்டை குறைந்தால் ஆபத்து கூடும் என்பதும் உண்மை. ‘பலகை ஒன்றின் அடியில் நரகம்’ என்று ஜப்பானியக் கடலோடிகள் சொல்வார்கள். படகின் அடிப்பலகைதான் உயிருக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது. 1997 பிப்ரவரி 1 அதிகாலை கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. பிரேக்கில் போகும் ஒரு சிறிய வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதுமாக அந்த ஒரே ஆலைதான் செய்துகொண்டிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். சில நாட்களில் ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் அநேகமாக எல்லாம் நின்றன. சீனத்தில் இன்று ‘குட்டைப் பலகை’ என்று ஒரு சொல் அடிபடுகிறது: மரத்தொட்டியின் பலகைகளில் எது குட்டையோ அதன் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். கையில் அடங்கும் வால்வு அன்றைக்கு டொயோட்டாவின் குட்டைப் பலகை. ஆனால் அதே முறையில் பழகிய சப்ளையர்கள், தையல் மெஷின் செய்யும் கம்பெனி உட்பட, ஆளுக்கொரு மூலையில் வால்வைச் செய்து கொடுத்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் லைனை ஓட வைத்தார்கள். முறையைத் திட்டுபவர்களும் புகழ்பவர்களும் இந்த ஒரே சம்பவத்தைத்தான் இழுக்கிறார்கள்.

நம் பக்கம் பலகை இறங்கியது மோட்டார் சைக்கிளில். பெங்களூரு பக்கத்தில், ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள், மேட்டு நிலமும் சலுகையும் இருந்ததால் 1970களில் ஓசூரில் சிப்காட் வளர்ந்தது. 1980இல் டிவிஎஸ் மொபெட் அங்கிருந்து வந்தது. 1982இல் சுசுகியுடன் ஒப்பந்தம், 1984இல் இண்ட்-சுசுகி பைக். ஜப்பானிலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள், இங்கிருந்து போனார்கள். ‘கைசன்’, ‘ஃபைவ் எஸ்’, ‘போக்கா யோக்கே’ என்ற ஜப்பானிய ஆலைச் சொற்கள் எல்லாம் தமிழ் பேசும் ஷாப் ஃப்ளோரில் கலந்தன. 2001இல் சுசுகி பிரிந்து போனது. அடுத்த வருடம், 2002இல், டிவிஎஸ் மோட்டார் தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் அதை 1998இலேயே வாங்கியிருந்தது. இந்தியாவில் அதுதான் முதல். நாடக மேடைப் பலகையில் கால் நன்றாகப் படிந்துவிட்ட நடிகரை ஜப்பானியர் ‘பலகையில் ஒட்டியவர்’ என்பார்கள். பாத்திரம் அவருக்கு இயல்பாகிவிட்டது என்று அர்த்தம். சொல்லிக்கொடுத்தவர் போன பிறகு பரிசு வாங்கியதை அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

டொயோட்டாவே நேரில் வந்தது அதற்குச் சற்று முன்பு. பெங்களூருக்கு மறுபுறம் பிடதியில் 1997இல் டொயோட்டா கிர்லோஸ்கர் தொடங்கியது. 1999 இறுதியில் குவாலிஸ் வெளியே வர ஆரம்பித்தது. ஆக, பெங்களூரின் ஒரு பக்கம் பலகையைப் பெற்ற தாய்வீடு, மறுபக்கம் சுவீகாரம் எடுத்த ஓசூர். நடுவே மாநில எல்லை.

இரண்டு பக்கமும் அழுத்தும் தர்மசங்கடத்தை ஜப்பானியர் ‘பலகை இடுக்கு’ என்பார்கள். நமக்கு இருதலைக் கொள்ளி எறும்பு. ஓசூருக்கு இந்தச் சொல் பொருந்துவதுபோல் வேறு ஊருக்குப் பொருந்துமா தெரியவில்லை. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும் வரை, எல்லையில் காகிதம் காட்ட லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நான்கு மணி நேரக் கணக்கில் ஓடும் அட்டைக்கு அந்த வரிசை எமன். 2016 செப்டம்பர் 12இல் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. போக்குவரத்து நின்றது, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் மூட்டையோடு நடந்தார்கள். ஓனோவின் வாய்ப்பாட்டில் பந்த்துக்கு எழுத்து கிடையாது. அவருக்கு நிலநடுக்கம் தெரியும், புயல் தெரியும். நதிநீர்த் தீர்ப்பு வந்த மறுநாள் லாரி ஓடுமா என்று யோசிக்கும் நிலை நாகோயாவில் வந்ததில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பட்டறை முதலாளி மூன்று பெட்டியை ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு முகம் சுளிக்கத் தோன்றுவதில்லை. பாடநூல்படி அது குற்றம். இடத்தின்படி அது புத்தி.

பர்கூரில் சீனமும் உண்டு. தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த காலணி ஆலை அங்கே நடக்கிறது. சீனம் பேசுபவர்கள் இருக்கும் இடத்தில் முதலாளிக்கு ‘லாவ்பான்’ என்ற சொல்லும் இருக்கும். சீன மக்கள் குடியரசின் எளிய எழுத்தில் பார்த்தால் அது ‘மூத்த பலகை’. தைவானில் பழைய எழுத்தையே விடாமல் எழுதுவதால் அவர்களுடைய முதலாளி இன்னும் பலகையாகவில்லை.

சாலையின் வடகோடியில் பலகைக்கு இன்னொரு பிறவி. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் போய்க் கான்பன் என்று கேட்டால், சுவரில் மூன்று நான்கு கட்டம் போட்ட பலகையையோ அதன் திரை வடிவத்தையோ காட்டுவார்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒட்டுச்சீட்டுகள் இடமிருந்து வலமாக நகரும். 2004 முதல் மைக்ரோசாஃப்டிலும் பிறகு கோர்பிஸ் நிறுவனத்திலும் டேவிட் ஆண்டர்சன் பழக்கிய முறை இது. 2010இல் அவர் புத்தகம் எழுதியபின் உலகம் முழுக்கப் பரவியது. கார் ஆலையில் அட்டையாகச் சுருங்கிய பலகை, கணினிக்காரர்கள் கையில் திரும்பவும் சுவரேறியது. ஒரே ஓசூர் சாலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் வடக்கே போகிறவருக்கும் தெற்கே போகிறவருக்கும் கான்பன் வேறு வேறு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக இருக்கவும் கூடும்.

இதைவிடப் பெரிய பயணம் ஒன்று இருக்கிறது. டொயோட்டாவின் அட்டைகளில் பார்கோடு அச்சிட ஆரம்பித்தபோது, ஒரு கோட்டில் ஏறக்குறைய 20 எழுத்துதான் அடங்கியது. ஒரு பெட்டிக்குப் பத்துக் கோடு வரை காட்ட வேண்டியிருந்தது. தொழிலாளிக்கு மணிக்கட்டு வலி. டொயோட்டா குடும்பத்து டென்சோவில் மசாஹிரோ ஹாரா இதற்கு வழி தேடினார். மதிய இடைவேளையில் விளையாடும் ‘கோ’ ஆட்டத்தின் மரப்பலகையில், கட்டங்களின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் கிடப்பதைப் பார்த்து யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1994இல் க்யூஆர் குறியீடு வெளியானது. எண் மட்டும் என்றால் 7,089 இலக்கம் அடங்கும். மூன்று மூலைச் சதுரங்களில் கறுப்பு வெள்ளை அகலங்கள் 1:1:3:1:1 என்று இருக்கும். அச்சில் வேறெங்கும் அரிதாக வரும் விகிதத்தைத் தேடிப் பிடித்து வைத்ததால்தான், காகிதத்தை எந்தக் கோணத்தில் காட்டினாலும் கருவி கண்டுகொள்கிறது. காப்புரிமையை வைத்திருந்தும் டென்சோ யாரிடமும் பணம் கேட்கவில்லை. 2016இல் இந்தியாவில் யுபிஐ வந்தது. இன்றைக்குப் பர்கூர் பேருந்து நிலையத்தருகே டீக்கடை, பழ வண்டி, ஜவுளிக் கடை எங்கே நின்றாலும் மேசையில் அந்தக் கறுப்புக் கட்டம் நிற்கிறது. எடோவில் கடை வாசலைவிட்டு ஆலைக்குள் போன பலகையின் பேரப்பிள்ளை, கடைக்காரரின் பெயரோடு கடை வாசலுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவர்கள் அதைப் பார்க்கிறார்கள், கைப்பேசியை மேலே பிடிக்கிறார்கள், பணம் போய்ச் சேர்ந்த சத்தம் வருகிறது.

பட்டறைக்காரருக்குத்தான் அந்தச் சத்தம் சீக்கிரம் கேட்பதில்லை. டாங் காலத்துச் சீனத் தியான மடங்களில் ‘பலகை சுமக்கும் ஆள்’ என்று ஒரு வசவு உண்டு. தோளில் பலகையை வைத்து நடப்பவனுக்கு ஒரு பக்கம் தெரியாது. கான்பனை வாங்கிய நிர்வாகங்களில் பல இப்படித்தான் அதைச் சுமக்கின்றன. எங்கள் கிடங்கில் சரக்கே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சரக்கு மறைந்துவிடவில்லை, 60 கிலோமீட்டருக்கு அப்பால் தகரக் கொட்டகையில், இன்னொருவரின் வங்கிக் கடனில் உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்ட மணிக்குக் கொண்டுவராவிட்டால் அபராதம் என்று பயந்து, சின்ன முதலாளி முன்கூட்டியே செய்து அடுக்குகிறார். அட்டை ஒழிக்க வந்த குவியல், முகவரி மாறிப்போனது.

இது ஓசூரில் பிறந்த கோளாறு அல்ல. சதோஷி கமாதா என்ற எழுத்தாளர் 1972இல் டொயோட்டா ஆலையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, லைனின் வேகம் உடம்பை என்ன செய்கிறது என்று நாள்தோறும் எழுதிவைத்துப் புத்தகமாக்கினார். 1977இல் ஜப்பான் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் ஒருவர், டொயோட்டா தன் சுமையைக் கான்பன் மூலம் சிறிய சப்ளையர்கள் தலையில் ஏற்றுகிறது என்று பிரதமர் ஃபுகுடாவிடம் நேராகவே கேட்டார். அங்கே ஒரு சட்டமும் ஏற்கனவே இருந்தது. 1956இல், அதாவது ஓனோ அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்த அதே வருடம், சிறு ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதைத் தாமதிக்கக் கூடாது என்று ஜப்பான் சட்டம் போட்டது. கான்பனைப் படிக்க டொயோட்டா நகரத்துக்குக் குழு குழுவாகப் போன நம் ஆட்கள், அந்தச் சட்டத்தைப் படிக்க டோக்கியோ போனதாகக் கேள்விப்படவில்லை.

இந்தியாவில் 2006இன் சிறு, குறுந்தொழில் சட்டம் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது. பல வருடம் அது சட்டப் புத்தகத்தோடு நின்றது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் கொஞ்சம் பல் வைத்தது: குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. உடனே சில பெரிய வாங்குநர்கள் ‘சிறு தொழில் பதிவு இல்லாத’ சப்ளையரைத் தேடுகிறார்கள் என்ற புலம்பலும் எழுந்தது. சொல்லிக்கொடுக்க வரும் ஆலோசகர்கள் நிறுத்திய பலகையில் தண்ணீர் ஊற்றியதுபோல் பேசுவார்கள் (இதுவும் ஜப்பானிய வழக்குதான், நாம் மடை திறந்த வெள்ளம் என்போம்). பில் பற்றிக் கேட்டால், படுக்கப்போட்ட பலகையில் சொட்டும் மழைபோலத் திக்கித் திக்கி வருகிறது பதில்.

பில்லுக்கும் ஒரு திரை இப்போது இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2017 முதல் இயங்கும் ‘டிரெட்ஸ்’ தளங்களில் சிறு தொழில் முதலாளி தன் பில்லைப் பதிவேற்றலாம். வங்கிகள் போட்டி போட்டுக் குறைந்த வட்டிக்கு அதை வாங்கிக்கொண்டு, தவணை நாளுக்குக் காத்திராமல் பணத்தைக் கொடுத்துவிடும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு உத்தரவிட்டது. அட்டை போலவே இதுவும் ஒரு சைகையில் நகரும் முறைதான். பொருளைப் பெற்றுக்கொண்டோம், பில் சரி என்று வாங்கிய நிறுவனம் அந்தத் திரையில் அழுத்த வேண்டும். அழுத்தும் வரை பர்கூர்ப் பட்டறையின் பில் பதிவேற்றிய இடத்திலேயே நிற்கும். அதற்குள் ஓசூரிலிருந்து அடுத்த 14 அட்டை வந்துவிடும்.